சோற்றைக் குறைக்கும் முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

திருவொற்றியூரில் இருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 54 வயது. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஆறு வருஷமாக சுகர். இப்போது எடுத்த டெஸ்டில் மூன்று மாத சராசரி 9.4 வந்திருக்கிறது. அவரோடு ஓட்டும் ஒருவர் பேலியோ டயட் இருந்து மாத்திரையையே விட்டுவிட்டாராம். அதைக் கேட்டு அப்பாவும் நாளையிலிருந்து சோறு வேண்டாம், முட்டையும் நெய்யும் போதும் என்கிறார். இது நிஜமாகவே வேலை செய்யுமா? இவ்வளவு கொழுப்பு சாப்பிட்டால் நெஞ்சு அடைக்காதா என்று அம்மா பயப்படுகிறார். எங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகுமா?"

கேளுங்கம்மா. நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் 26 வருஷமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பார்மசிஸ்ட். 2011இல் எனக்கே சுகர் வந்தது. 2017இலிருந்து சோற்றைக் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன். கவுன்ட்டருக்கு உள்ளே நின்று மாத்திரை கொடுத்தவனும் நான்தான், அதே மாத்திரையை விழுங்கினவனும் நான்தான். அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேலை செய்யுமா என்று கேட்டீர்கள். செய்யும். பெரும்பாலானவர்களுக்கு ஒரே வாரத்தில் மீட்டரில் தெரியும் அளவுக்கு வேலை செய்யும். என் பயமே அங்கேதான். அப்பா 'நாளையிலிருந்து' என்கிறார் இல்லையா, அந்த நாளையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

முதலில் அப்பாவின் மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஆறு வருஷ சுகர் என்றால் மெட்ஃபார்மின் மட்டும் இருப்பது குறைவு. கூடவே பொடி எழுத்தில் கிளிமிபிரைடு என்று இருக்கும். மாத்திரைப் பெயருக்குப் பின்னால் ஜி அல்லது ஜிபி என்றும், அதை ஒட்டி 1 அல்லது 2 என்றும் போட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் அதன் பங்காளிகள். இந்தக் குடும்பத்து மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும், அவ்வளவுதான். வழக்கமாக அந்த இன்சுலினுக்கு வேலை கொடுப்பது தட்டில் இருக்கும் சோறு. சோறு இல்லாத நாளில் அது ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையையும் இறக்கிவிடும்.

இது புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டேன். 2017இல் ஒரு திங்கட்கிழமை சோற்றை நிறுத்தினேன், மாத்திரையை நிறுத்தவில்லை. புதன்கிழமை காலை இரண்டு முட்டை சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு கடையைத் திறந்தேன். பதினொன்றரை மணி இருக்கும். ஒரு அம்மா 83 ரூபாய்க்கு மருந்து வாங்கிவிட்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். மீதி எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. தாளைப் பார்க்கிறேன், கல்லாவைப் பார்க்கிறேன், பதினேழு என்ற எண் வரவே மாட்டேன் என்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்குகிறது. "இன்னா சார், இப்பிடி வேர்க்குது" என்று அந்த அம்மாதான் கேட்டார். கடைப்பையன் விரலில் குத்திப் பார்த்தான்: 51. குளுக்கோஸ் பொடி மூன்று ஸ்பூன் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு மீதி கொடுத்தேன்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். உங்கள் அப்பா எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர். பக்கத்தில் உரசிக்கொண்டு டூவீலர்கள் போகும். அங்கே பதினேழு மறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே இன்சுலின் ஊசியோ இந்தக் குடும்பத்து மாத்திரையோ இருந்தால், சாப்பாட்டை மாற்றும் அன்றே அதன் அளவையும் டாக்டர் மாற்றிக்கொடுக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற விஷயம் இல்லை இது. வண்டியில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் வண்டியை ஓரம் கட்டி மூன்று ஸ்பூன், கால் மணி கழித்து மறுபடி டெஸ்ட். சரியான பிறகும் உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. இன்னொன்றும் கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். டூட்டி முடிந்து குவார்ட்டர் போடும் பழக்கம் அப்பாவுக்கு உண்டா? சோறும் இல்லாமல், அந்த மாத்திரையும் போட்டு, மேலே சரக்கும் போட்டால் ராத்திரி தூக்கத்திலேயே சுகர் இறங்கிப்போகும். போதை என்று நினைத்து யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அட்டையில் இன்னொரு பெயரையும் தேடுங்கள்: டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று டாக்டர்கள் விரும்பி எழுதுகிறார்கள். 2020இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு எங்கள் பக்கத்துச் சீட்டுகளில் அடிக்கடி வருகிறது. நல்ல மருந்துதான். ஆனால் மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டு இதையும் போட்டால், கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம். இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், அப்போது மீட்டரில் சுகர் பெரிதாக ஏறியிருக்காது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் "சுகர் நார்மலாத்தானே இருக்கு" என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு பதற்றம் தேவையில்லை, அது தனியாக சுகரைப் பாதாளத்துக்குத் தள்ளாது. பிரஷர் மாத்திரை போடுகிறாரா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சோறு குறைந்தால் உடம்பிலிருந்து உப்பும் நீரும் இறங்கும், பிரஷரும் சேர்ந்து இறங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும்.

டாக்டரிடம் போய் 'பேலியோ' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே சிலருக்கு முகம் மாறுகிறது. யார் யாரோ பாதியில் மாத்திரையை விட்டு அவர்களிடமே போய்ப் படுத்திருப்பார்கள், அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. "சார், அரிசியைப் பாதிக்கும் கீழே குறைக்கப் போகிறேன், லாரி ஓட்டுகிறேன், லோ சுகர் வராமல் மாத்திரையை எப்படி மாற்றுவது?" என்று கேட்கச் சொல்லுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்), சிறுநீரில் புரதம், கொலஸ்ட்ரால், கண்ணின் விழித்திரை, இவை நான்கையும் ஆரம்பிக்கும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். கண்ணை எதற்குச் சேர்க்கிறேன் என்றால், விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருப்பவருக்கு சுகர் சட்டென்று இறங்கினால் அது கொஞ்ச காலம் மோசமாகலாம். சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரின் கண் பார்வையில்லாமல் இந்தப் பக்கமே வரக் கூடாது. ஒல்லியான உடம்பு, மாத்திரைக்கு மசியாத சுகர், காரணமில்லாமல் எடை இறங்குகிறது என்றால் அது இரண்டாம் வகைதானா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் கொட்டத் தேவையில்லை, அரசு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. நம்ம ஏரியாவுக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலாக சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியது நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான். 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கினார். பிறகு 1954இல் அவரே ராயபுரத்தில் சர்க்கரைக்கென்று தனி மருத்துவமனையும் ஆரம்பித்தார். வடசென்னை என்றால் மற்றதையெல்லாம் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

இனி இந்தச் சாப்பாடு ஏன் வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு மனிதர் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம். சுகர் 100 என்றால் நூறு மில்லி ரத்தத்துக்கு 100 மில்லிகிராம். கணக்குப் போடுங்கள், மொத்த ரத்தத்திலும் 5 கிராம், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. இப்போது அப்பாவின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் ஐந்து இட்லி, இட்லிக்குச் சுமார் 10 கிராம் வீதம் 50 கிராம் மாவுச்சத்து. துறைமுகத்து ஜீரோ கேட் வரிசையில் வண்டி நகராமல் நிற்கும்போது டீ, மறுபடி டீ. ஐந்து டீ, இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை, இன்னொரு 50. மத்தியானம் தட்டு நிறையச் சோறு, வெந்த சோறு நூறு கிராமுக்கு 28 கிராம் என்றால் 350 கிராம் சோற்றில் நூறு. ராத்திரி மூன்று பரோட்டா, அதுவும் நூறுக்குக் குறையாது. ஆக மொத்தம் 300 கிராம். அரிசியோ மைதாவோ, குடலில் உடைந்த பிறகு அது குளுக்கோஸ்தான். ஒரு டீஸ்பூன் சர்க்கரையை வைத்துக் குடும்பம் நடத்தும் ரத்தத்துக்குள் நாளெல்லாம் அறுபது டீஸ்பூன் வந்து இறங்குகிறது. ஆரோக்கியமான உடம்பு இதைச் சமாளிக்கும். இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுக்காத உடம்பு தடுமாறும். வரவைக் குறைத்தால் தடுமாற்றமும் குறையும். இவ்வளவுதான் தத்துவம்.

புதிய தத்துவமும் இல்லை. 1797இலேயே ஜான் ரோலோ என்ற ராணுவ டாக்டர் மெரிடித் என்ற கேப்டனுக்கு மாவுப் பொருளை நிறுத்தி இறைச்சியும் கொழுப்புமாகக் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கும் வரை டாக்டர்கள் கையில் இருந்த ஆயுதமே சாப்பாட்டைக் குறைப்பதுதான்.

இப்போதைய ஆராய்ச்சிகளில் எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் டேவிட் அன்வின் என்ற சாதாரண குடும்ப டாக்டர் தன் கிளினிக்கில் செய்தது. 2023இல் வெளியானது. மாவுச்சத்தைக் குறைத்த 186 பேரில் பாதிப் பேருக்கு மருந்தில்லாமலே சுகர், நோய் என்று சொல்லும் அளவுக்குக் கீழே வந்தது. சுகர் வந்து ஒரு வருஷத்துக்குள் ஆரம்பித்தவர்களில் அது 77 சதவீதம். அமெரிக்காவில் இண்டியானாவில் சாரா ஹால்பெர்க் குழு 2018இல் வெளியிட்டதில், ஒரு வருஷத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது நீங்கள் சொன்ன அந்த மூன்று மாத சராசரி, 7.6இலிருந்து 6.3க்கு இறங்கியது, பலர் இன்சுலினையே குறைத்தார்கள் அல்லது விட்டார்கள். சரி, எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்காதீர்கள். இந்த இரண்டிலும் இருந்தவர்கள் தாங்களாக விரும்பி வந்தவர்கள். 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வந்த ஆய்வு, ஆறு மாதத்தில் நல்ல பலன், ஒரு வருஷத்தில் அந்தப் பலன் தேய்கிறது என்று சொன்னது. என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் பார்ப்பதும் அதுதான். ஆறு மாதம் ஜோராக இருப்பார்கள், அப்புறம் ஒரு கல்யாணம், ஒரு தீபாவளி, அப்படியே பழைய தட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இந்த வழிதான் ஒரே வழி என்றும் இல்லை. பிரிட்டனில் ராய் டெய்லர் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் கூட்டாமல் மொத்தச் சாப்பாட்டையே ஒரு நாளைக்கு 850 கலோரி அளவுக்குக் குறைத்தார்கள். 46 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்தில் சுகர் தணிந்தது. எடை நன்றாக இறங்கியவர்களுக்குத்தான் அதிகம் தணிந்தது. ஆகவே அப்பாவுக்குத் தொப்பை இருந்தால், நெய்யை அள்ளி ஊற்றி எடை குறையாமல் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை.

இங்கேதான் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். பேலியோவை 'குறை மாவு, நிறை கொழுப்பு' உணவு என்பார்கள். அந்த 'நிறை கொழுப்பு' என்ற பெயரே பாதிப் பேரைக் குழப்புகிறது. கொழுப்பு இதில் மருந்து கிடையாது. சோறு போன இடத்தில் பசிக்கு வைக்கும் அண்டைக்கல், அவ்வளவே. பசி அடங்கிய பிறகு மேலே இரண்டு ஸ்பூன் நெய் விட்டால் சுகருக்குக் கூடுதல் நன்மை ஏதும் இல்லை. காலையில் பட்டர் டீ, எண்ணி நூறு பாதாம் என்று ஆரம்பிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால், அதாவது எல்டிஎல், நன்றாகவே ஏறுகிறது. சிலருக்கு அசையவே இல்லை. யாருக்கு ஏறும் என்று முன்கூட்டி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் ரத்தம் எடுத்துப் பாருங்கள். ஏறியிருந்தால் நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து மீன், வேர்க்கடலை, நல்லெண்ணெய் பக்கம் போக வேண்டும். "எல்டிஎல் ஏறினா ஒண்ணும் பண்ணாது" என்று செல்போனில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொலஸ்ட்ரால் மாத்திரை ஏற்கெனவே போடுகிறவர் அதைத் தானாக நிறுத்தவே கூடாது. பஜ்ஜிக் கடையில் நாள் முழுக்கக் கொதித்த எண்ணெயும் கொழுப்புதான், அதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கொழுப்பு எங்கிருந்து வர வேண்டும் என்ற கேள்விக்கு நம்மைப் போலக் கொடுத்து வைத்தவர்கள் யார்? காசிமேடு பக்கத்தில் இருக்கிறது. வஞ்சிரத்தை எல்லோரும் தேடுவார்கள், விலையும் அப்படி. நான் போகிறது மத்தியும் கானாங்கெளுத்தியும் தேடித்தான். விலை குறைவு, நல்ல கொழுப்பு நிறைய. நெத்திலி, சங்கரா, காரப்பொடி, கடம்பா எதிலும் மாவுச்சத்து என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேயே பொரித்துக் கொடுக்கும் கடையில் வாங்கினால் மசாலாவோடு சோள மாவும் மேலே ஏறியிருக்கும். வீட்டில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை போதும்.

என் வீட்டில் முதல் மாதம் பெரிய சண்டையே குழம்பால்தான் வந்தது. சோறு வேண்டாம், குழம்பை மட்டும் கிண்ணத்தில் ஊற்று என்றேன். மனைவி ஊற்றினாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நம்ம மீன் குழம்பு ஒரு தட்டுச் சோற்றைத் தூக்கி நிறுத்துவதற்காக வைப்பது. புளிப்பும் உப்பும் காரமும் அதற்குத் தகுந்தபடி இருக்கும். சோறு இல்லாமல் சாப்பிட்டால் தொண்டையைப் பிடிக்கும். "சோத்துக்கு வெச்ச குழம்பு, சோறு இல்லாம எப்பிடி எறங்கும்" என்றாள், அவள் சொன்னது சரி. அப்புறம் புளியைப் பாதியாகக் குறைத்து, உப்பைக் குறைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் கொஞ்சம் ஊற்றி இறக்கினாள். மத்தி ஆறு துண்டு, அந்தக் கிண்ணம், பக்கத்தில் தேங்காய்ப்பூ போட்ட முட்டைக்கோஸ் பொரியல் ஒரு கை அள்ளல் இல்லை, ஒரு தட்டு. அன்றைக்குத்தான் எனக்கு சாயங்காலம் ஆறு மணி வரை பசி எடுக்கவில்லை. உங்கள் அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள், குழம்பின் கை மாற வேண்டும். காய்க்குக் கீரை, கோவைக்காய், அவரை, வெண்டை, புடலை, கத்தரி, காலிஃபிளவர் எதுவும் ஆகும். உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி ஆகாது.

கேழ்வரகு, கம்பு, சப்பாத்தி, ஓட்ஸ் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கேழ்வரகு மாவு நூறு கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான், கோதுமையும் அதே கதை. நார்ச்சத்து கொஞ்சம் கூட, ஏறும் வேகம் கொஞ்சம் குறையலாம். அரிசிக்குப் பதில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டு "டயட்ல இருக்கேன்" என்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினால் ஒரு தம்ளர் வாங்கிக் குடிக்கட்டும், அது சாமி கணக்கு. தினமும் சொம்பு நிறைய வேண்டாம். நாட்டுச் சர்க்கரை, பனைவெல்லம், தேன் மூன்றுக்கும் மீட்டர் ஒரே மரியாதைதான் கொடுக்கும்.

லாரியில் எப்படி என்று யோசித்தேன். காலையில் வெங்காயம் போட்ட மூன்று முட்டை ஆம்லெட். கையில் நான்கு அவித்த முட்டை, ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை, ஒரு பாட்டில் உப்புப் போட்ட மோர். பேலியோக்காரர்கள் வேர்க்கடலையை ஒதுக்குவார்கள். பாதாம் விலைக்கு அப்பா இன்னொரு டிரிப் அடிக்க வேண்டும், அதனால் நான் ஒதுக்கவில்லை. ஒரு கைப்பிடியோடு நிறுத்தினால் போதும். டீ குடிக்கட்டும், சர்க்கரை இல்லாமல், ஒரு நாளைக்கு இரண்டு. கடையில் டீயோடு கை தானாகப் போகும் பொறையும் பிஸ்கட்டும் வேண்டாம். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் வண்டிக்காரர்கள் ஒதுங்குவது வழக்கம். அங்கே நூடுல்ஸை விட்டுவிட்டு, வெங்காயம் திணித்த அந்த மசாலா முட்டை மூன்று, வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். நான் அப்படித்தான் செய்கிறேன், கடைக்காரர் பழகிவிட்டார்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? ஒரு நாளைக்கு 130 கிராமுக்குள் மாவுச்சத்து இருந்தாலே அது குறைந்த மாவுச்சத்து உணவுதான். 20, 30 கிராம் என்பது கடுமையான பத்தியம். ஓட்டுநர் வேலையில் இருப்பவரை நான் முதல் நாளே அங்கே தள்ள மாட்டேன். முதல் வாரம் டீயில் சர்க்கரையும் ராத்திரிப் பரோட்டாவும் போகட்டும். அதுவே 150 கிராம். அடுத்த வாரம் காலை இட்லி. மத்தியானம் ஒரு சின்னக் கரண்டிச் சோறு இருந்துவிட்டுப் போகட்டும். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வுகள் சொல்கின்றன. சோற்றில் வளர்ந்த உடம்பு, படிப்படியாக இறங்கினால்தான் நிற்கும்.

முதல் இரண்டு வாரம் தலைவலி, சோர்வு, ராத்திரி கெண்டைக்கால் பிடிப்பு வரலாம். பெரும்பாலும் உப்பும் தண்ணீரும் இறங்கியதால் வருவது. ரசம், மோர், ஆட்டுக்கால் சூப் உதவும். பிரஷரோ சிறுநீரகமோ இதயமோ தொல்லை கொடுத்தால் உப்பைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டர் ஒன்று வாங்குங்கள். தினமும் குத்த வேண்டியதில்லை என்று சொல்வேன், ஆனால் மாத்திரை மாற்றும் நாட்களில் குத்தியே ஆக வேண்டும். முக்கியமாக வண்டி எடுக்கும் முன். சாப்பாட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. எனக்கு நான்கு இட்லிக்கு 128 என்பது 236 ஆனது. மூன்று முட்டை, நெத்திலி வறுவலுக்கு 121 என்பது 133. இதைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினேன். யாருடைய பிரசங்கமும் செய்யாததை அந்த நான்கு எண் செய்தது. மீட்டர் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டும், ஐந்து பத்துக்கெல்லாம் அலட்டிக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, காலை வெறும் வயிற்றுச் சுகர் பலருக்கும் கடைசியாகத்தான் இறங்கும். ராத்திரி கல்லீரல் தானே சர்க்கரை தயாரித்து அனுப்புகிறது. சாப்பிட்ட பின் சுகர் 140 வந்தும் காலையில் 150 என்று பார்த்து "இது வேலைக்கு ஆகாது" என்று இரண்டாம் வாரத்தில் விட்டவர்கள் ஏராளம்.

கூட ஓட்டும் அந்த அண்ணன் மாத்திரையை விட்டது நிஜமாக இருக்கலாம். ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே மூன்று மாதம் மருந்தில்லாமல் நின்றால் அதைத் தணிவு என்கிறார்கள். குணம் என்று சொல்வதில்லை. பழைய சோறு திரும்பினால் பழைய சுகரும் திரும்பும், வருஷத்துக்கு ஒரு முறையாவது அவர் டெஸ்ட் எடுக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஆறு வருஷம் ஆகிவிட்டது, 9.4இல் இருக்கிறார். மாத்திரை முழுக்க நிற்காமல் பாதியாகக் குறைந்து, எண் 7க்குக் கீழே வந்தாலே நான் கைதட்டுவேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதென்றால், கொண்டு வருபவரிடம் டாக்டர் மாற்றிய சீட்டைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய அளவே வந்துகொண்டிருக்கும்.

செலவு. சோறும் பரோட்டாவும் டீயும் குறைவதில் மிச்சமாகும் காசு முட்டைக்கும் மத்திக்கும் போகும். என் கணக்கில் மாதம் கொஞ்சம் கூடத்தான் ஆனது, பொய் சொல்ல மாட்டேன். முதல் வருஷக் கடைசியில் இரண்டு மாத்திரை குறைந்தபோது சமமாகிவிட்டது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மீன் விலை எகிறும். அப்போது முட்டை, கோழி, ஃபைபர் போட்டில் வரும் கரையோர மீன். கருவாடும் ஆகும், ஆனால் இரண்டு மூன்று முறை கழுவி உப்பை இறக்கிய பிறகு. ரேஷனில் வரும் துவரம்பருப்பு ஒரு கிலோவைச் சாம்பாராக வைத்து அப்பா ஒரு கிண்ணம் குடிக்கலாம், மீதி உங்களுக்கு. ரேஷன் அரிசியை வீணாக்க வேண்டாம், நீங்களும் அம்மாவும் சாப்பிடத்தானே போகிறீர்கள்.

உங்கள் வயதை எழுதவில்லை. அப்பாவுக்கு சுகர் என்றால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சுகர். அப்பாவை டெஸ்டுக்குக் கூட்டிப் போகும் அன்று நீங்களும் சாப்பிடாமல் போய் விரலை நீட்டிவிட்டு வாருங்கள்.